கம்ப்யூட்டர் திரையில் நம் கணக்கு: படம் பிடித்து வைப்போம்!



சில மாதங்களுக்கு முன் ராசிபுரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்தார். மரவள்ளிக் காட்டில் களையெடுப்பை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கப் பணம் வேண்டும், அடுத்த கூட்டத்தில் புதுக் கடன் கேட்கப் போகிறேன், அதற்கு முன் பழைய உள்கடனில் எவ்வளவு பாக்கி என்று பார்க்க வேண்டும் என்றார். கணக்குப் பதியும் பெண் கம்ப்யூட்டரில் அவருடைய குழுவைத் திறந்தார். திரையில் பாக்கி 8,000 ரூபாய் என்று இருந்தது.

"ஏங்கண்ணு, போன மாசம் வந்தப்ப 6,500-னு தானே காட்டுச்சு? நானே கண்ணால பார்த்தனே!"

"இல்லீங்கக்கா, கம்ப்யூட்டர்ல 8,000-தான் இருக்குதுங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

நாங்கள் யாரும் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். 1,500 ரூபாய் என்பது அவருக்கு ஒரு மாதத் தவணை. தவணை தவறியவருக்குப் புதுக் கடன் கிடையாது என்பது அந்தக் குழுவின் தீர்மானம். ஆக, பணம் மட்டுமல்ல, மகளின் படிப்பும் குழுவில் அவருக்கு இருந்த மரியாதையும் அந்த ஒரு எண்ணில் மாட்டிக்கொண்டன.

நான்கு நாள் தேடினோம். கடைசியில் பழைய ரசீதுக் கட்டில் கார்பன் நகல் கிடைத்தது. அக்கா சொன்னதுதான் சரி. அந்தக் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர், இனிஷியல் மட்டும்தான் வேறு. வேறு ஒரு பதிவைத் திருத்தும்போது இவர் கட்டிய 1,500 ரூபாய் அடுத்தவர் பெயருக்குப் போய்விட்டது. தவறு எங்களுடையது. குழுக் கூட்டத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டுக் கணக்கைச் சரி செய்தோம்.

ஆனால் ஒரு கேள்வி எங்களை விடவில்லை. ரசீது நகல் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போன மாதம் திரையில் 6,500 இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? அதற்கு நாங்கள் கண்ட ஒரு வழியைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறோம்.

கம்ப்யூட்டர் ஏன் பழசை மறக்கிறது?

நம் பகுதிக்குக் குழு என்பது புதிதல்ல. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் சில ஆண்டுகளிலேயே சேலத்துக்கும் வந்தது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தக் காலத்திலிருந்து நாம் பேனாவால் கணக்கு எழுதிப் பழகியவர்கள். ரொக்கப் புத்தகத்தில் ஒரு எண் தப்பாகிவிட்டால் என்ன செய்கிறோம்? அழிப்பதில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறோம். பழைய எண்ணும் தெரியும், புது எண்ணும் தெரியும், திருத்தியது யார் என்பதும் தெரியும்.

கம்ப்யூட்டர் கணக்கு அப்படி இல்லை. நம் அலுவலகக் கணக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. இந்த ஆக்சஸ் முதலில் வெளிவந்தது 1992-ல். அதே ஆண்டில்தான் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. டேட்டாபேஸ் என்றால் கட்டம் கட்டமாகப் போட்ட பெரிய பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணை மாற்றினால் பழைய எண் இருந்த இடத்தில் புது எண் உட்கார்ந்துவிடும். அடித்த கோடு இருக்காது. மாற்றியவர் யார், எப்போது என்று தனியாகக் குறித்து வைக்கும்படி முதலிலேயே நிரல் எழுதியிருந்தால்தான் அந்த விவரம் கிடைக்கும். பல வருஷங்களுக்கு முன் எழுதி வாங்கிய நம் நிரலில் அந்த வசதி இல்லை.

திரை என்பது ஒரு ஜன்னல் மாதிரி. ஆட்டுப் பட்டியை ஜன்னல் வழியே பார்த்தால் இப்போது நிற்கிற ஆடுகள் மட்டும்தான் தெரியும். நேற்று சந்தைக்குப் போன ஆடு தெரியாது. அதுபோலத் திரையும் இன்றைய பாக்கியை மட்டும்தான் காட்டும். போன மாதம் என்ன காட்டியது என்று தெரிய வேண்டுமானால், போன மாதமே அதைப் படம் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

திரையைப் படம் பிடிப்பது என்றால் என்ன?

"திரைப்படம்" என்றால் சினிமா ஆகிவிடும்! அதனால் எல்லோரும் சொல்வது போல "ஸ்கிரீன்ஷாட்" என்றே சொல்வோம். செல்போனில் உங்கள் பிள்ளைகள் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கி எடுக்கிறார்களே, அதுதான்.

கம்ப்யூட்டர் கீபோர்டில் இதற்கென்றே "பிரிண்ட் ஸ்கிரீன்" என்று ஒரு பட்டன் உண்டு. டாஸ் இருந்த காலத்தில் அதை அமுக்கினால் திரையில் இருக்கும் எழுத்து நேராகப் பிரிண்டருக்கே போகும். விண்டோஸ் வந்த பிறகு, படம் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவுக்குப் போகிறது. அங்கிருந்து எடுத்து ஒட்டி, பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும். "ஆல்ட்" பட்டனையும் சேர்த்து அமுக்கினால் முழுத் திரைக்குப் பதிலாக, அப்போது வேலை நடக்கிற சன்னல் மட்டும் படமாகும்.

கையால் செய்யலாமே என்று கேட்கலாம். ஒரு குழுவுக்கு 2 நிமிடம் என்று வையுங்கள். 120 குழு என்றால் 240 நிமிடம், அதாவது 4 மணி நேரம். மாதக் கடைசியில் களைத்துப்போன நேரத்தில் ஒரு குழுவின் படத்துக்கு இன்னொரு குழுவின் பெயரைப் போட்டுவிட்டால், உள்ள குழப்பம் போதாதென்று புதுக் குழப்பம் வேறு. அதனால் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டோம்.

நிரல் தானாகப் படம் எடுப்பது எப்படி?

1. குழுக்களின் பட்டியலை எடுத்துக்கொள்கிறது.
2. முதல் குழுவின் கடன் பக்கத்தைத் திறக்கிறது.
3. எண்கள் எல்லாம் திரையில் வந்து சேரும் வரை காத்திருக்கிறது.
4. அந்தச் சன்னலை மட்டும் படம் பிடிக்கிறது.
5. குழு எண், தேதி, நேரம் மூன்றையும் சேர்த்துப் பெயர் வைத்துச் சேமிக்கிறது.
6. பக்கத்தை மூடிவிட்டு அடுத்த குழுவுக்குப் போகிறது.

உறுப்பினர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

கணக்காளர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறோம். ஆக்சஸுக்குள் விபிஏ என்ற மொழியில் சிறு நிரல் எழுதலாம். ஆனால் "திரையைப் படம் பிடி" என்று அதில் நேரடிக் கட்டளை கிடையாது. அந்த நிரல் விண்டோஸிடம்தான் உதவி கேட்க வேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, விரல் அமுக்குவது போலவே பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை நிரலே அமுக்குவது. இது சுலபம், ஆனால் தற்காலிக நினைவில் நீங்கள் காப்பி செய்து வைத்திருந்தது போய்விடும். இரண்டாவது, அந்தச் சன்னலின் புள்ளிகளை அப்படியே நகலெடுக்கும்படி விண்டோஸைக் கேட்பது. எழுதக் கொஞ்சம் கடினம், ஆனால் இதுதான் நம்பகமானது. இன்னொன்று: 32-பிட் ஆபீஸுக்கு எழுதிய பழைய வரிகள் 64-பிட் ஆபீஸில் அப்படியே ஓடாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் நிரல் எழுதியவரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

நாங்கள் பட்ட பாடு

முதல் முறையே எல்லாம் சரியாக நடக்கவில்லை. நீங்களும் உங்கள் கூட்டமைப்பில் செய்து பார்ப்பதாக இருந்தால் இந்த ஐந்தையும் கவனியுங்கள்.

அரைகுறைப் படம்: எண்கள் வந்து சேர்வதற்குள் நிரல் படம் எடுத்துவிட்டது. கட்டம் இருந்தது, எண் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் திரை முழுதாக வரையப்படும் வரை நின்று எடுக்கும்படி மாற்றிய பிறகு சரியானது.

கறுப்புப் படம்: இரவில் ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். திரை பூட்டிக்கொண்டது. காலையில் பார்த்தால் வரிசையாகக் கறுப்புப் படங்கள். இப்போது பகலில், ஆள் இருக்கும்போதுதான் ஓட்டுகிறோம்.

குறுக்கே வந்த சன்னல்: வைரஸ் தடுப்பு நிரலின் அறிவிப்பு நடுவில் வந்து நின்றது. அதற்கு அடியில் இருந்த மூன்று உறுப்பினர்களின் எண் மறைந்துபோனது.

மங்கிய எண்: ஜேபெக் வகையில் சேமித்தால் 3 எது, 8 எது என்று தெரியாத அளவுக்குச் சிறு எழுத்து மங்குகிறது. போட்டோவுக்கு அது சரி, கணக்குக்குச் சரிவராது. பிஎம்பி தெளிவாக இருக்கும், ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். 1024-க்கு 768 புள்ளி உள்ள ஒரு திரைக்கே சுமார் 23 லட்சம் பைட் ஆகிறது. பிஎன்ஜி வகை தெளிவாகவும் இருக்கிறது, இடமும் குறைவாகப் பிடிக்கிறது. அதைத்தான் வைத்திருக்கிறோம்.

விட்டுப்போன உறுப்பினர்கள்: இதுதான் பெரிய விஷயம். திரையில் எது தெரிகிறதோ அதுதான் படத்தில் வரும். ஒரு குழுவில் 18 பேர். திரையில் 15 வரிதான் தெரிந்தது. மீதி 3 பேரைப் பார்க்கக் கீழே நகர்த்த வேண்டும். படத்தில் அந்த 3 பேர் இல்லை. பிரிண்ட்டைக் கையில் வாங்கிய ஒரு பாட்டிதான் கண்டுபிடித்தார்: "எம்பேரு எங்க சாமி காணோம்?" அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் உறுப்பினர் எண் 17 என்று தெரியும். காகிதத்தில் 15-க்கு மேல் இல்லை என்று பார்த்துவிட்டார். இப்போது நிரல் பக்கத்தைக் கீழே நகர்த்தி இரண்டாவது படமும் எடுக்கிறது.

அப்படியானால் அறிக்கை போதாதா?

நியாயமான கேள்வி. ஆக்சஸில் "அறிக்கை" அச்சடிக்கும் வசதி முதலிலிருந்தே உண்டு. 2010 பதிப்பிலிருந்து அறிக்கையை பிடிஎஃப் கோப்பாகவும் நேரடியாகச் சேமிக்கலாம். அறிக்கையில் 18 பேர் இருந்தால் 18 பேரும் வருவார்கள், யாரும் விட்டுப்போக மாட்டார்கள். அதனால் உறுப்பினருக்குக் கொடுக்க அறிக்கையே நல்லது.

படம் எதற்கு? கணக்குப் பதிந்தவர் அன்றைக்குத் தன் கண் முன்னால் எதைப் பார்த்தார் என்பதற்கு. எந்தப் பக்கம் திறந்திருந்தது, என்ன எச்சரிக்கை வந்தது, எந்த வரி தேர்வாகியிருந்தது என்பதெல்லாம் அறிக்கையில் வராது, படத்தில் வரும். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கவும் படம் உதவும். ஆகவே மாதா மாதம் அறிக்கை குழுவுக்கு, படம் அலுவலகக் கோப்புக்கு என்று இரண்டும் வைத்திருக்கிறோம். திருத்தம் செய்தவர் பெயரும் தேதியும் தானாகப் பதியும்படி நிரலையும் மாற்றச் சொல்லியிருக்கிறோம். உண்மையான மருந்து அதுதான். படம் அதற்குத் துணை.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு முயற்சி

காகிதத்தையும் கம்ப்யூட்டரையும் படத்தால் இணைக்கலாம் என்று நம் மாநிலத்துக் குழுக்களில் முன்பே முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தபன் பாரிக் என்பவர் 2000-களின் நடுவில் "கேம்" என்ற முறையை உருவாக்கினார். குழுவில் எழுதும் காகிதப் படிவத்தில் பார்கோடு அச்சடித்திருக்கும். கேமரா உள்ள செல்போனால் படிவத்தைப் படம் எடுத்து, எண்களைப் போனிலேயே பதிந்து கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக் கணக்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2007-ல் அமெரிக்காவின் டெக்னாலஜி ரிவியூ பத்திரிகை அவரை அந்த ஆண்டின் மனிதநேயராகத் தேர்ந்தெடுத்தது.

காகிதத்தைத் தூக்கி எறியவில்லை என்பதுதான் அந்த முறையில் நாம் கவனிக்க வேண்டியது. பெண்கள் கையில் தொட்டுப் பார்க்கிற காகிதம் இருந்தது, கம்ப்யூட்டர் கணக்கும் இருந்தது. அங்கே காகிதத்தின் படம் கம்ப்யூட்டருக்குப் போனது. நாம் செய்வது மறுபக்கம்: கம்ப்யூட்டரின் படம் காகிதமாகி உங்கள் கைக்கு வருகிறது. 2015-ல் நபார்டு "இ-சக்தி" என்ற பெயரில் குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைத் தொடங்கியது. கணக்கு எந்த மென்பொருளில் இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கணக்கை என் கையில் காட்ட முடியுமா?

படம் இருந்தால் போதுமா?

போதாது, சகோதரிகளே. படத்தையும் மாற்ற முடியும். "ஜிபே பண்ணிட்டேன், பாருங்கக்கா" என்று செல்போனில் போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்தவர் போனில் காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதா என்று உங்கள் போனில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மூலக் கருவியைக் காட்டாமல் கம்ப்யூட்டர் நகலை மட்டும் கொடுத்தால், இந்தப் பிரிவின்படி சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு வந்திருக்கிறது. அதிலும் சான்றிதழ் வேண்டும். வெறும் படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் கோர்ட்டில் எடுபடாது.

நம் குழுவுக்குள் கோர்ட் வேண்டியதில்லை. பிரிண்ட் எடுத்த அன்றே கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். இரண்டு பிரதிநிதிகளும் கணக்காளரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நோட்டில் ஒட்டுங்கள். பதினைந்து பேர் காதால் கேட்டு, மூன்று பேர் கையெழுத்திட்ட காகிதத்தை யாரும் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியாது.

எச்சரிக்கை: அடுத்தவர் விவரம் வெளியே போகக் கூடாது

திரையில் பாக்கி மட்டும் இருப்பதில்லை. சில பக்கங்களில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போன் எண் எல்லாம் இருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யார் யார் கைக்கோ போகும். ஒரு உறுப்பினரின் கடன் பாக்கி அவருடைய சம்பந்தி வீடு வரை போய்ச் சேர்ந்தால் அவமானம் யாருக்கு? அதனால் நாங்கள் படம் எடுக்கும் பக்கத்தில் ஆதார் எண்ணையே வைக்கவில்லை. வங்கிக் கணக்கில் கடைசி 4 எண் மட்டும்தான் தெரியும். படங்கள் பூட்டிய கோப்பில், தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகலோடு இருக்கின்றன. குழுவின் பிரிண்ட் அந்தக் குழுவுக்கு மட்டும்தான்.

காகிதம் கைக்கு வந்ததும் என்ன பார்ப்பது?

* குழுவின் பெயரும் எண்ணும் நம்முடையதுதானா?
* தேதி என்ன? கூட்டத்துக்கு முந்தைய தேதியா, பிந்தைய தேதியா?
* எத்தனை உறுப்பினர் இருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள். குறைந்தால் உடனே கேளுங்கள்.
* என் சேமிப்பு, என் கடன் பாக்கி இரண்டும் என் பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா?
* ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், இனிஷியலையும் உறுப்பினர் எண்ணையும் பார்த்தீர்களா?
* போன மாத பாக்கியில் இந்த மாதம் கட்டிய அசலைக் கழித்தால் இந்த மாத பாக்கி வருகிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். உதாரணமாக, போன மாத பாக்கி 8,000. இந்த மாதம் கட்டிய அசல் 1,500. பாக்கி 6,500 வர வேண்டும். வட்டி தனி. அசலோடு வட்டியையும் சேர்த்துக் கழித்துவிட்டால் கணக்கு இடிக்கும். படிக்கத் தெரியாத அக்காமார்கள் வெட்கப்பட வேண்டாம். ரூபாய் நோட்டை எண்ணத் தெரிந்த உங்களுக்கு இந்த எண்ணைப் பார்க்கத் தெரியும். பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த அக்காவைக் காப்பாற்றியது படம் அல்ல, கார்பன் ரசீதுதான். பாஸ்புக், ரசீது, பிரிண்ட் மூன்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னால் நிம்மதி. ஒன்று மாறிச் சொன்னாலும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, பதில் சொல்வது எங்கள் கடமை. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குது" என்பது பதில் ஆகாது.

அந்த அக்காவுக்குக் குழு புதுக் கடன் கொடுத்தது. மகள் சேர்ந்துவிட்டார். இப்போது மாதா மாதம் பிரிண்ட் போனதும் முதலில் கையில் வாங்கிப் பார்ப்பவர் அவர்தான் என்று அந்தக் குழுவின் ஊக்குநர் சொல்கிறார்.

உங்கள் குழுவுக்கு இந்த மாத பிரிண்ட் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் அடுத்த கூட்டத்திலேயே கேட்டு, கேட்டதைத் தீர்மான நோட்டிலும் எழுதி வையுங்கள்.